உப்புச் சர்க்கரைத் தண்ணீர் நம் வீட்டுக்கு வந்த கதை



கத்திரி வெயில் நெருங்குகிறது. வெயிலோடு வயிற்றுப்போக்கும் கூடவே வரும் காலம் இது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். அதன் வரலாற்றை இன்று எழுதப் போகிறேன். பதிவு நீளம்தான். 40 நிமிடப் பாடவேளையைத் தாங்கியவர்கள் நீங்கள், இதையும் தாங்குவீர்கள்.

முதலில் ஒரு கணக்கு. காலராவை நம் பாட்டிமார் வாந்திபேதி என்பார்கள். அது கடுமையாக வந்தால் வளர்ந்த மனிதரின் உடம்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூடத் தண்ணீர் போய்விடும். காலையில் வயலுக்குப் போனவர் மாலைக்குள் பிணமாவது இதனால்தான். கிருமி குடலில்தான் இருக்கிறது. ஆளைக் கொல்வது தண்ணீரும் உப்பும் வற்றிப்போவது. போனதைத் திரும்பக் கொடுத்துவிட்டால் உடம்பு தானே சில நாட்களில் கிருமியை வெளியேற்றிவிடும். கேட்க எவ்வளவு எளிமையாக இருக்கிறது! இந்த எளிய விஷயம் நோயாளியின் வாய்க்கு வந்து சேர ஏறக்குறைய 140 ஆண்டுகள் ஆயின.

1831இல் இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் துறைமுகத்தில் காலரா நுழைந்தது. அப்போதைய வைத்தியம் என்ன தெரியுமா? நோயாளியின் ரத்தத்தைக் கீறி வெளியேற்றுவது, பாதரச மருந்து கொடுப்பது, விளக்கெண்ணெய் கொடுத்து மேலும் பேதியாக்குவது. ஏற்கெனவே வற்றிக்கொண்டிருந்த கிணற்றை இறைத்து ஊற்றினார்கள்.

வில்லியம் புரூக் ஓஷானசி என்ற 22 வயது அயர்லாந்து இளைஞர் அங்கே போய் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். ரத்தத்தில் தண்ணீரும் உப்பும் குறைந்திருந்தன. குறைந்தது அத்தனையும் மலத்தில் இருந்தது. போனதைத் திரும்பக் கொடுங்கள் என்று எழுதினார். 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லட்டா என்ற மருத்துவர் அதைச் செய்து பார்த்தார். சாகும் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டியின் நரம்பில் உப்புத் தண்ணீரை ஏற்றினார். அந்த அம்மா கண் திறந்து தேறினார். மருத்துவர் அந்தப் பக்கம் போனதும் பேதி மறுபடி தொடங்கியது. திரும்ப ஏற்ற ஆளில்லை. அவர் இறந்துபோனார். பேதி நிற்கும்வரை விடாமல் கொடுக்க வேண்டும் என்ற பாடம் அன்றே இருந்தது, படிப்பார் இல்லை. மறு ஆண்டே லட்டாவும் காலமானார். கொள்ளைநோய் அடங்கியது, முறையும் மறந்துபோனது.

ஓஷானசி பிறகு கல்கத்தாவுக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவரும் அவரே. தந்தி நாடெங்கும் ஓடியது. காலரா வைத்தியம் தொடங்கிய இடத்திலேயே நின்றது.

1900களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் நரம்பு வழியே உப்பு நீர் ஏற்றுவதைச் சீர்படுத்தி, இறப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார். ஆனால் ஒரு நோயாளிக்கே பல லிட்டர் சுத்தமான நீர் வேண்டும். ஊசி வேண்டும், குழாய் வேண்டும், தெரிந்த கை வேண்டும். காலரா வரும் கிராமத்தில் இவற்றில் எதுவும் இருக்காது.

வாய் வழியாகக் கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? பேதியாகும்போது குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், ஒன்றும் கொடுக்கக் கூடாது என்பது அன்றைய மருத்துவ நம்பிக்கை. "வயித்தால போகுது, தண்ணி கொடுக்காதே" என்று நம் வீடுகளில் சொன்னதும் அதே நம்பிக்கைதான்.

1953இல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி இதை மீறினார். 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய் வழியாகக் கொடுத்துக் குணப்படுத்தியதாக 'லான்செட்' இதழில் எழுதினார். கூடவே ஒரு மூலிகைச் சாறும் கொடுத்திருக்கிறார். நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவள்ளியின் சாறு அது! ஆனால் எவ்வளவு போனது, எவ்வளவு கொடுத்தோம் என்ற அளவுக் கணக்கு அவர் கட்டுரையில் போதவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. மேலைநாட்டு ஆய்வாளர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. விடை சரி, செய்முறை காட்டவில்லை என்று மதிப்பெண் போடாமல் விட்டதைப் போல. ஒரு மதிப்பெண்ணாவது போட்டு, நீங்களே செய்து பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

இது ஏன் வேலை செய்கிறது என்று 1960இல் தெரிந்தது. ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் விளக்கினார். சிறுகுடலின் உட்சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. அதில் உப்பின் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடும். இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். காலராக் கிருமி குடலில் என்னென்னவோ கலகம் செய்தாலும் இந்த வாசலை மட்டும் அதனால் மூட முடிவதில்லை. உப்பு மட்டும் போதாது, சர்க்கரை மட்டும் போதாது, இரண்டும் அளவாக வேண்டும். சர்க்கரை கூடிப்போனால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து பேதியை அதிகமாக்கும். பேதியாகும் பிள்ளைக்குக் குளிர்பானம் கொடுக்காதீர்கள் என்பது இதனால்தான்.

அளவு பிசகினால் ஆபத்து என்பதற்கும் சான்று உண்டு. 1962இல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் குழுவினர் உப்பு கூடுதலான கரைசலைக் கொடுத்தபோது சில நோயாளிகள் இறந்தார்கள். அவர் மனமொடிந்து, பல ஆண்டுகள் வாய்வழிக் கரைசல் என்றாலே தயங்கினார்.

அவரே பின்னாளில் இயக்குநராக இருந்த டாக்கா காலரா ஆய்வகத்தில்தான் திருப்பம் வந்தது. 1968இல் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு அமெரிக்க இளைஞர்களும், ரஃபிகுல் இஸ்லாம், மஜித் மொல்லா என்ற வங்க மருத்துவர்களும் 29 நோயாளிகளுக்குக் கரைசல் கொடுத்தார்கள். காலராக் கட்டில் என்று ஒன்று உண்டு. நடுவில் ஓட்டை போட்ட கித்தான் கட்டில், கீழே அளவு குறித்த வாளி. வாளியில் எவ்வளவு விழுந்ததோ அவ்வளவு குடிக்க வைத்தார்கள். சூத்திரம் அவ்வளவுதான். நரம்பில் ஏற்ற வேண்டிய நீரின் தேவை 80 சதவீதம் குறைந்தது.

இருந்தும் பெரிய மருத்துவர்கள் நம்பவில்லை. மருத்துவமனைக்குள், படித்தவர்கள் கண்காணிப்பில் சரி, படிக்காத ஜனங்கள் இதைச் செய்ய முடியுமா என்றார்கள். பதில் 1971இல் வந்தது.

வங்கதேச விடுதலைப் போரின்போது ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்க எல்லையில் உள்ள பன்காவ் முகாமில் காலரா பரவியது. கல்கத்தாவிலிருந்து போன மருத்துவர் திலீப் மகலனோபிஸ் கண்டது, தரையெல்லாம் கிடந்த நோயாளிகளை. வாந்தியிலும் மலத்திலும் மண்டியிட்டுத்தான் ஊசி போட வேண்டியிருந்தது. கையிருப்பு சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் துணிந்து ஒரு முடிவெடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கல்கத்தாவில் பொட்டலம் கட்டி, இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி அனுப்பினார்கள். முகாமில் குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார்கள். தாயும் அண்ணனும் மாமியாரும் குவளையில் பிடித்து நோயாளிக்கு ஊட்டினார்கள்.

நரம்பில் ஏற்றினால்தான் மருந்து என்று அங்கேயும் ஜனங்கள் நினைத்தார்கள். "குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்று நம்மூரில் கேட்பதில்லையா, அதேதான். அதனால் இதற்கு 'வாய்வழி சலைன்' என்று பெயர் வைத்தார்கள். 3,700க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்ததில் இறந்தவர்கள் 3.6 சதவீதம். அந்த முகாம்களில் முன்பு 20 முதல் 30 சதவீதம் பேர் இறந்துகொண்டிருந்தார்கள். படிக்காத ஜனங்களால் முடியுமா என்ற கேள்விக்கு அந்தத் தாய்மாரே பதில் சொல்லிவிட்டார்கள். மகலனோபிஸ் 2022இல் தமது 87ஆம் வயதில் காலமானார். 2023இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டபோது அதை வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆசிரியப் பயிற்சி முடித்து வகுப்புக்குப் போகும் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும் என்பேன்.

வங்கதேசத்தில் ஃபஸ்லே ஹசன் ஆபேத் நிறுவிய 'பிராக்' என்ற தொண்டு நிறுவனம், 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் போய் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இந்தக் கரைசலைச் செய்யக் கற்றுக்கொடுத்தது. பொட்டலம் கிடைக்காத ஊர்கள். அதனால் மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அரை சேரை எப்படி அளப்பது? அந்தந்த வீட்டுப் பாத்திரத்திலேயே கோடு போட்டுக் கொடுத்தார்கள்.

கற்றுக்கொடுத்தவர்கள் கிராமத்துப் பெண்கள். அவர்களுக்கு எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்று எண்ணிச் சம்பளம் தரவில்லை. சில வாரங்கள் கழித்து இன்னொருவர் போய், குலுக்கலில் எடுத்த சில வீடுகளில் தாயிடம் கேள்வி கேட்பார். கரைசலைச் செய்து காட்டச் சொல்வார். அந்தக் கரைசல் சோதனைக்கூடத்துக்குப் போகும். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அவர் கலந்த உப்பு எவ்வளவு சரியோ, அதற்கேற்ப நான்கு தரமாகப் பிரித்து, கற்றுக்கொடுத்தவருக்குக் கூலி. தாய்க்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்த வீட்டுக்குக் கூலி இல்லை. மாணவருக்கு வந்ததுதான் ஆசிரியர் நடத்திய பாடம், மற்றதெல்லாம் கரும்பலகைக்கு நடத்தியது!

இவ்வளவு செய்தும் முதலில் ஓர் ஏமாற்றம். தாய்மார் நன்றாகச் செய்து காட்டினார்கள். வீட்டில் பேதி வந்தபோது மிகச் சிலரே கொடுத்தார்கள். ஏன் என்று போய்க் கேட்டார்கள். ஊர் மக்கள் பேதியை நான்கு வகையாகப் பிரித்து நான்கு பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீராகப் போகும் கடுமையான ஒன்றுக்கு மட்டும்தான் இந்த மருந்து என்று புரிந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு காரணமும் இருந்தது. கற்றுக்கொடுத்த பெண்களில் பலருக்கே இதில் நம்பிக்கையில்லை, தங்களுக்குப் பேதி வந்தால் மாத்திரையைத் தேடினார்கள். மூன்றாவதாக, வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவே இல்லை. பிறகு பாடத்தைத் திருத்தினார்கள். மக்கள் சொல்லும் பெயர்களிலேயே விளக்கினார்கள். கற்றுக்கொடுப்பவர்கள் தாயின் முன்னாலேயே கரைசலை ஒரு வாய் குடித்துக் காட்டினார்கள். சந்தையிலும் பள்ளியிலும் மசூதியிலும் ஆண்களிடம் பேசினார்கள். அதன்பின் பயன்பாடு ஏறியது.

1980 வாக்கில் உலகில் ஆண்டுக்கு 46 லட்சம் போல ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்தார்கள். இன்று ஏறக்குறைய நான்கரை லட்சம். நல்ல குடிநீர், தடுப்பூசி, சத்துணவு எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. உப்புச் சர்க்கரைத் தண்ணீரின் பங்கு மிகப் பெரியது.

நம் ஊருக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் 48 காலரா நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய், அங்கே வாழும் நல்ல நுண்ணுயிரிகளால் புளித்து, தண்ணீரை உறிஞ்சப் பெருங்குடலையும் வேலை வாங்குகிறது. வழக்கமான கரைசலில் சராசரி 91 மணி நேரம் நீடித்த பேதி, இதில் 57 மணி நேரத்தில் நின்றது. பேதியாகும் பிள்ளைக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி கொடுத்த நம் அம்மாக்கள் தவறு செய்யவில்லை. பட்டினி போட்டவர்கள்தான் தவறு செய்தார்கள்.

இதெல்லாம் முடிந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் பேதி வந்த 100 குழந்தைகளில் ஏறக்குறைய 61 பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. மீதி 39 பேர்? விலை மலிவு, கடையில் இருக்கிறது, மருத்துவருக்கும் தெரியும். பின் ஏன் கொடுக்கவில்லை?

2024இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு இதைத் துருவியது. கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் 2,282 தனியார் மருத்துவர், மருந்துக்கடைக்காரர் போன்றோரிடம் பயிற்சி பெற்ற ஆட்கள், குழந்தைக்குப் பேதி என்று சொல்லிப் போனார்கள். கையிருப்பு இல்லாததும் லாப ஆசையும் சிறு காரணங்களே. பெரிய காரணம், ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் வந்தவருக்குப் பிடிக்காது, ஊசியோ மாத்திரையோதான் எதிர்பார்ப்பார் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வது. வந்தவர் ஓ.ஆர்.எஸ். பற்றித் தாமே சொன்னபோது, அதை எழுதிக் கொடுப்பது 27 சதவீதப் புள்ளிகள் கூடியது. நாம் டாக்டர் சொல்லட்டும் என்று இருக்கிறோம், டாக்டர் நாம் விரும்பமாட்டோம் என்று இருக்கிறார். நடுவில் பிள்ளை வாடுகிறது.

வெயிலுக்கு வருகிறேன். வியர்வையில் போவதும் தண்ணீரும் உப்பும்தான், அதைத் திரும்பச் சேர்ப்பதும் குடலின் அதே வாசல்தான். தமிழ்நாட்டில் உப்பளம், செங்கல் சூளை, கட்டட வேலை போன்ற இடங்களில் வெப்பத்தின் பாதிப்பைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். அவர்கள் காட்டிய ஓர் உண்மை என்னை உறுத்துகிறது. வேலை இடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் வெயிலிலும் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீரை அடக்குகிறார்கள். சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகப் பாதிப்பும் அங்கிருந்து தொடங்குகின்றன. கரைசல் கையில் இருந்தும் குடிக்கத் துணிவில்லை. என் மாணவர்களில் மேஸ்திரிகள் இருக்கிறீர்கள், கடை முதலாளிகள் இருக்கிறீர்கள், ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். இதைச் செய்து கொடுங்கள்.

இனி குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள்.

1. பொட்டலத்தின் மேல் எழுதியுள்ள அளவைப் படியுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைக்காதீர்கள், பாதிப் பாதியாகவும் போடாதீர்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடியுங்கள். மேலே சர்க்கரை சேர்க்க வேண்டாம்.

2. பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு.

3. ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூனால் மெல்லக் கொடுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள்.

4. மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், குடிக்க முடியாமை, சோர்ந்து துவளுதல் இருந்தால் உடனே மருத்துவமனை.

5. வெயிலில் நின்றவர் உடம்பு கொதித்து, உளறினாலோ மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108ஐ அழையுங்கள்.

6. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்ற இனிப்புப் பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள் விடாமல் போராடியதன் பலன் அது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

7. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், சிறுநீரகத் தொந்தரவு உள்ள என் வயதுக்காரர்கள் இதை ஜூஸ் மாதிரி தினமும் குடிக்காதீர்கள். மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. படித்துவிட்டுக் கைகூப்பிப் படம் போட்டால் போதாது. இன்று மாலை வீட்டில் ஒரு லிட்டர் பாத்திரம் எது என்று பார்த்து, நீரின் அளவுக்கு ஒரு கோடு போடுங்கள். வீட்டில் உள்ள இன்னொருவரைக் கலக்கச் சொல்லுங்கள். அவர் சரியாகக் கலந்தால் உங்களுக்கு நூற்றுக்கு நூறு. அடுத்த முறை பிள்ளையோடு மருத்துவரிடம் போகும்போது, "ஓ.ஆர்.எஸ். எழுதிக் கொடுங்கள் டாக்டர்" என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்